தோனாவூர் அம்மை

அயர்லாந்தின் கடலோரச் சிற்றூரொன்றில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். பின்னர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பினாரில்லை. சேலையுடுத்தி, நெல்லைச் சீமையில் ஊர்தோறும் நற்செய்தி சொல்லித் திரிந்தவரிடம், 1901 மார்ச்சில், கோவிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா தப்பி ஓடிவந்தாள். ஊரூராய் நடந்த கால்கள் தொட்டிலருகே கட்டுண்டன. பிள்ளை வளர்ப்பதும் ஊழியமா எனச் சக மிஷனரிகள் சிலரே முகஞ்சுளித்தனர். குழந்தைகளை மீட்கக் கேட்டு வழக்கும் வந்தது; அவர் அசையவில்லை. தோனாவூரில் 1918 முதல் ஆண்மக்களும் சேர்ந்தனர். வளர்ந்த பிள்ளைகள் இளையோரைப் பேணினர். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வர 1947 ஆயிற்று என்பதை எண்ணினால்தான் அத்துணிவின் அளவு புலப்படும். 1931இல் விழுந்து அடிபட்டபின் பெரும்பாலும் படுக்கையே. அங்கிருந்தும் கவிதையும் நூலும் எழுதினார். 1951 ஜனவரி 18இல் மறைந்தார். அவர் விருப்பப்படி கல்லறையில் கல் நாட்டவில்லை. பறவைகளுக்கு நீர்த்தொட்டி வைத்து, அதில் அம்மை என்று மட்டும் பொறித்தனர்.