கென்னடி மறைத்த நோய்

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் படத்தைப் பார்த்தவர்கள், இவருக்கு என்ன குறை என்றுதான் நினைப்பார்கள். சிரித்த முகம். அடர்ந்த முடி. வெயிலில் காய்ந்த மேனி. அந்த மேனி நிறத்துக்கு வெயில் மட்டும் காரணம் அல்ல!

ஜான் கென்னடி 1917-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி பிறந்தார். தந்தை கோடீசுவரர். பணத்துக்குக் குறைவில்லை, உடல் நலத்துக்குத்தான் பஞ்சம். படிக்கும் காலத்திலேயே அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுத்தார்.

ஆனாலும் துணிச்சல்காரர். உலகப்போரில் கடற்படையில் சேர்ந்தார். 1943-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி ஜப்பானியக் கப்பல் மோதி அவருடைய படகு பிளந்தது. தீக்காயம் பட்ட மாலுமி ஒருவரின் மிதவை அங்கி வாரைப் பல்லால் கவ்விக்கொண்டு, அவரையும் இழுத்தபடியே நீந்திக் கரை சேர்ந்தார்.

லண்டனில் கெடு

1947-ல் லண்டனுக்குப் போன இடத்தில் படுக்கையில் விழுந்தார். அப்போது வயது 30. பரிசோதித்த டாக்டர், இவர் இன்னும் ஒரு வருடம்கூட இருக்கமாட்டார் என்று கென்னடிக்கு வேண்டிய ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டார். கப்பலில் ஊர் திரும்பியபோது, பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு ஜெபம் செய்தார்.

நோயின் பெயர் அடிசன் நோய். 1855-ல் இதைக் கண்டு எழுதியவர் லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன்.

நம் சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்ததுபோல இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரினல் என்று பெயர். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். உடம்பில் உப்பை நிறுத்தி வைப்பது அதன் மேல்பகுதியில் சுரக்கும் நீர். ஸ்ரீவைகுண்டம் அணை உடைந்தால் ஏரல் பக்கத்து நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் ஏது? அத்தனையும் புன்னைக்காயல் கடலுக்குப் போய்விடும். இந்தச் சுரப்பி கெட்டாலும் அதே கதைதான். உப்பு சிறுநீரோடு போகும். பின்னாலேயே தண்ணீரும் போகும். ரத்த அழுத்தம் இறங்கும். உடல் மெலியும். தோல் கறுக்கும். உப்பைக் கண்டால் நாக்கு ஊறும்!

அதே சுரப்பியில் கார்ட்டிசால் என்ற இன்னொரு நீரும் உண்டு. காய்ச்சல், காயம், ஆபரேஷன் என்று வந்தால், உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அது இல்லாதவனுக்குச் சாதாரண ஜுரமே எமன்.

கென்னடியின் தொடையில் மருந்து வில்லைகளைப் புதைத்தார்கள். பிறகு கார்ட்டிசோன் மாத்திரை வந்தது. உயிர் பிழைத்தார், கன்னம் மட்டும் உப்பியது. ஆயுள் முழுவதும் மருந்தை நிறுத்த முடியாது.

1951-ல் இந்தியாவுக்கு வந்து நேருவைச் சந்தித்தார். அதே பயணத்தில் ஜுரம் 106 டிகிரிக்கு ஏறி, ஒக்கினாவா தீவில் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1954-ல் முதுகில் ஆபரேஷன். புண்ணில் கிருமி புகுந்து நினைவு தப்பியது. மறுபடியும் பாதிரியார் வந்தார். மறுபடியும் எழுந்தார்!

சாமர்த்தியமான மறுப்பு

1960-ல் ஜனாதிபதி வேட்பாளராக முனைந்தபோது, எதிர்க்கோஷ்டியினர் நோயைப் பற்றிக் கிளப்பினார்கள். அவருக்கு அடிசன் நோய் இல்லை என்று கென்னடியின் ஆட்கள் மறுத்தார்கள். அடிசன் கண்ட நோயாளிகள் பலருக்குக் காசநோய்தான் சுரப்பியை அரித்திருந்தது. நம் நாட்டிலும் இது நடப்பதுண்டு. கென்னடிக்குக் காசநோய் கிடையாது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இல்லை என்றார்கள். கெட்டிக்காரப் பதில், ஆனால் உண்மை அல்ல. சுரப்பி செத்துத்தான் போயிருந்தது.

தேர்தலில் நாடு முழுவதும் எண்ணிய வாக்குகளில் வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். உண்மை தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! 1962-ல் கியூபா நெருக்கடியின் 13 நாட்களும் உலகத்தின் தலைவிதியைக் கையில் வைத்திருந்தவர், மாத்திரையின் தயவில் நடமாடியவர் என்பது ஜனங்களுக்குத் தெரியாது.

1963-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி டல்லாஸ் நகரில் சுடப்பட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ரத்தம் ஏற்றினார்கள். கூடவே 300 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தும் செலுத்தினார்கள். பிழைக்கவில்லை.

பிரேத பரிசோதனையில் அட்ரினல் சுரப்பிகளைத் தேடினார்கள். கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இல்லை. அங்கே இருந்த டாக்டர்கள் அதை வெளியில் சொன்னது 1992-ல்தான்.