லாப்ரடார் குளிரில் பிறந்த தொழில்

காற்று வீசினால் முகத்தில் கத்தி கீறுவது போலிருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி. கடலை மூடிய பனிப்பாளத்தில் துளையிட்டு, எஸ்கிமோக்கள் (இன்யூட் என்பதே அம்மக்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர்) தூண்டில் போடுகிறார்கள். மீன் வெளியே வந்து இரண்டு துள்ளுத் துள்ளுவதற்குள் கட்டையாக விறைத்துவிடுகிறது. பல வாரங்கள் கழித்து அதைச் சமைத்தால், அன்று பிடித்த மீனின் ருசி!

இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடாரில் இந்த அதிசயத்தை ஒரு அமெரிக்க இளைஞர் கவனித்தார். அவர் பெயர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. நரித்தோல் வியாபாரத்துக்காக 1912ல் அங்கே போனவர்.

1886 டிசம்பர் 9ந் தேதி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர் கிளாரன்ஸ். சிறு வயதிலிருந்தே பிராணிகள் மீது தீராத ஆசை. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார், கையில் காசில்லை. தவளைகளைப் பிடித்துப் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலைக்குப் பாம்புத் தீனியாக விற்றார். கறுப்பு எலிகளைப் பிடித்து கொலம்பியா பல்கலைக் கழகத்துக்கு ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார். அப்படியும் கட்டணம் கட்டி முடியவில்லை. படிப்பைப் பாதியில் விட்டு அரசாங்கத்தின் உயிரியல் கணக்கெடுப்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். மொன்டானா மலைப் பகுதியில், உண்ணிகளால் பரவிய கொடிய காய்ச்சலை ஆராய்ந்தவர்களுக்குப் பிராணிகளைப் பிடித்துக் கொடுத்ததும் இவரே. எதைப் பிடித்தாலும் தின்று பார்த்துவிடுவது அவருடைய விசித்திரப் பழக்கம்!

1915ல் எலினாரை மணந்தார். அடுத்த ஆண்டு, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையையும் தூக்கிக்கொண்டு தம்பதிகள் லாப்ரடார் சென்றார்கள். கடைத்தெரு கிடையாது. குளிர்காலம் முழுவதற்கும் வேண்டியதைச் சேர்த்து வைத்தாக வேண்டும். காரிபூ என்னும் பனிமான் கறி, வாத்துக்கறி, மீன் எல்லாவற்றையும் மொத்தமாக உறைய வைத்தார் கிளாரன்ஸ். குழந்தையின் நன்மைக்காகக் காய்கறியும் வேண்டுமே? முட்டைக்கோஸைப் பீப்பாய்த் தண்ணீரில் போட்டு உறைய விட்டார். வேண்டும்போது கோடரியால் வெட்டி எடுத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். நடுக் குளிர்காலத்தில் உறைந்த கறி நன்றாயிருந்தது. குளிர் குறைந்த நாட்களில் உறைந்ததோ சக்கையாக இருந்தது. காரணம் வேகம். மெதுவாக உறையும்போது கறிக்குள் இருக்கும் நீர் பெரிய பெரிய பனித்துகள்களாக வளர்ந்து, தசையைக் கிழித்துவிடுகிறது. குளிர் நீங்கியதும் சாறெல்லாம் வடிந்துபோகும். சட்டென்று உறைந்தால் துகள்கள் மிகச் சிறியவை. தசைக்குச் சேதம் குறைவு. விஞ்ஞானிகள் சிலர் முன்பே அறிந்த விஷயந்தான். ஆனால் அதை அடுப்படிவரை கொண்டுவர முனைந்தவர் இவர்.

1917ல் ஊர் திரும்பினார். ஒரு மின்விசிறி, உப்புநீர், பனிக்கட்டி. இவைதான் ஆரம்பக் கருவிகள். முயல்கறியையும் மீன் துண்டங்களையும் மிட்டாய்ப் பெட்டிகளில் அடைத்து உறைய வைத்துப் பார்த்தார். 1923ல் நியூயார்க்கில் கம்பெனி தொடங்கினார். குளிரூட்டிய மீனை வாங்க ஆளில்லை. மறு ஆண்டே கம்பெனி திவால்!

அந்நாளில் உறைந்த கறி, மீன் என்றால் கெட்டுப்போகும் நிலையில் இருந்ததை ஒப்பேற்றிய சரக்கு என்றே அமெரிக்கர்களும் நினைத்தார்கள். காலையில் வெட்டிய ஆட்டுக்கறி மதியத்துக்குள் குழம்பாகிவிட வேண்டும் என்று நினைக்கும் நம்மவர்களுக்கு அந்தச் சந்தேகம் புரியாமல் போகாது.

கிளாரன்ஸ் தளரவில்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு மாசசூசெட்ஸ் மாகாணத்தின் மீன்பிடி துறைமுகமான கிளஸ்டரில் மறுபடி தொழில் தொடங்கினார். குடும்பஸ்தர், வயதும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இதுவும் கவிழ்ந்திருந்தால் கதி என்ன?

கவிழவில்லை. கறியையோ மீனையோ முதலில் அட்டைப் பெட்டியில் அடைத்துவிட வேண்டும். பிறகு கடுங்குளிரூட்டிய இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். மேலும் கீழும் ஒரே நேரத்தில் குளிர் தாக்கும். இரண்டங்குலக் கனமுள்ள கறிப் பொட்டலம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் உறைந்துவிடும். இதுதான் அவருடைய யந்திரத்தின் சூட்சுமம்.

1929ல் பங்குச் சந்தை சரிவதற்குச் சில மாதங்கள் முன்பு, போஸ்டம் கம்பெனியும் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனமும் சேர்ந்து இந்தத் தொழிலை 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கின. அதில் 2 கோடி காப்புரிமைகளுக்கு மட்டும்! அவர் பெயரையே இரண்டாகப் பிரித்து 'பேர்ட்ஸ் ஐ' என்று சரக்குக்கு வைத்தார்கள்.

1930 மார்ச் 6ந் தேதி ஸ்பிரிங்பீல்டு நகரில் 18 கடைகளில் பரீட்சார்த்த விற்பனை நடந்தது. மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, மீன், பட்டாணி, கீரை, பழம் என்று பல தினுசுகள். ஆனால் வியாபாரம் உடனே பெருகிவிடவில்லை. கடைக்காரர்களிடம் குளிர்பெட்டி இல்லை; கம்பெனியே வாடகைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. பல வீடுகளில் வெறும் ஐஸ்பெட்டிதான். அதில் உறைந்த கறி ஒரு நாள்கூடத் தாங்காது. ஊருக்குப் பொதுவான குளிர்பதனக் கிடங்குகளில் பெட்டி வாடகைக்குப் பிடித்து, பண்ணையில் அறுத்த பாதி மாட்டை அப்படியே வாங்கி வைத்து, வேண்டும்போது எடுத்துப்போகும் வழக்கமும் அக்காலத்தில் பரவியது. வீட்டுக்கு வீடு உறைபெட்டி வந்தது இரண்டாவது உலகப் போருக்குப் பிறகுதான்.

செல்வந்தரான கிளாரன்ஸ் சும்மா இருந்தாரா? மின்விளக்கில் புதுமை செய்தார். திமிங்கில வேட்டைக்கு, சுட்டால் பின்னுக்கு உதைக்காத ஈட்டித் துப்பாக்கியைச் செய்தார். அறுபது வயது தாண்டியபின் மனைவியுடன் பெரு நாட்டுக்குப் போய், கரும்புச் சக்கையிலிருந்து காகிதக் கூழ் தயாரிக்க முனைந்தார்.

1956 அக்டோபர் 7ந் தேதி நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். வயது 69. அவர் விருப்பப்படி அஸ்தியைக் கிளஸ்டருக்குக் கொண்டுபோய், மீன்பிடி படகுகள் போய்வரும் கடலிலேயே தூவினார்கள்.