அயலூரில் வாழ்ந்த அறிஞர்

கி.மு. 384இல், கிரேக்க நாட்டின் வடபகுதியில் உள்ள ஸ்டாகிரா என்னும் ஊரில் அரிஸ்டாட்டில் பிறந்தார். தந்தையார் மாசிடோனிய அரசரின் மருத்துவர். 17ஆம் வயதில் ஏதென்ஸ் நகரம் சென்று, பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் 20 ஆண்டுகள் இருந்தார். பின்னர் இளவரசர் அலெக்சாந்தருக்கு ஆசிரியரானார்.

மீண்டும் ஏதென்ஸ் வந்து, கி.மு. 335இல் லைசியம் என்னும் கல்விக்கூடத்தை நிறுவினார். அயலூரார் ஆதலின் அவருக்கு அங்குக் குடியுரிமை இல்லை. நிலம் வாங்கவும் இயலாது. ஆயினும் அந்நகரத்து இளைஞர்க்கு நல்வாழ்வு யாதெனக் கற்பித்தார்.

நீரில் இறங்காதவர் நீந்தக் கற்பதில்லை. நற்பண்பும் அத்தகையதே, செய்து பழகினால்தான் வரும் என்பது அவர் கொள்கை. கோழைமைக்கும் முரட்டுத்தனத்திற்கும் இடைப்பட்டதே துணிவு. எங்கு எதிர்த்து நிற்பது, எங்கு விலகுவது என்று தெரிந்து நடப்பதே நடைமுறை அறிவு. அதற்குச் சூத்திரம் இல்லை; பட்டறிவே துணை.

அவ்வறிவு அவருக்கே தேவைப்பட்டது. கி.மு. 323இல் அலெக்சாந்தர் இறந்ததும் ஏதென்சில் மாசிடோனியர்மீது வெறுப்பு மூண்டது. அரிஸ்டாட்டில்மீது தெய்வநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. அதே குற்றத்திற்காகச் சாக்ரடீசுக்கு நஞ்சளித்த நகரம் அது! சாக்ரடீசு தப்பிச் செல்ல மறுத்தவர். அரிஸ்டாட்டிலோ தம் தாயின் ஊராகிய கால்சிசுக்குச் சென்றார். அதனை அச்சம் எனக் கூறுதல் பொருந்தாது. மறு ஆண்டே அவ்வூரில் நோயுற்று மறைந்தார்.