விளக்குத்தூணைப் படம் பிடித்த வெள்ளைக்கார கேப்டன்

ஆடம்பரச் செலவு என்று வேலையைப் பறித்தார் கவர்னர்

மதுரையில் இருந்துகொண்டு விளக்குத்தூண் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஜவுளி எடுக்க வருகிறவர்கள், மகாலுக்குப் போகிறவர்கள், ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் வந்துதான் ஆகவேண்டும். போலீஸ் நிலையத்துக்கே விளக்குத்தூண் என்றுதான் பெயர்.

ஆனால் நின்று அந்தத் தூணை அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒருவர் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை. எதிரே கேமராவை நிறுத்திப் படமும் எடுத்தார். அது நடந்தது 1858-ம் ஆண்டு. அவர் பெயர் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

யார் இவர்?

இங்கிலாந்தில் டெவன் பகுதியில் உள்ள துறைமுக ஊர் ஒன்றில் 1822-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பிறந்தவர் டிரைப். வீட்டில் பிள்ளைகள் 12 பேர். இவர் ஒன்பதாவது பிள்ளை. இருபது வயது ஆகும் முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்.

1850-களின் தொடக்கத்தில் லீவில் ஊருக்குப் போனார். அப்போது போட்டோ என்பது புதுச்சரக்கு. 1839-ல்தான் அது உலகத்துக்குத் தெரியவந்தது. டிரைப்புக்கு அதில் பித்துப் பிடித்துவிட்டது. 1853-ல் லண்டனில் போட்டோகிராபர்களுக்கு என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் உறுப்பினர் ஆனார்.

1854-ல் திரும்பி வந்தபோது கையில் கேமரா இருந்தது. அந்த டிசம்பரிலேயே மைசூர் சீமைக்குப் போய் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களை வைத்தார். முதல் தரப் பதக்கம் கிடைத்தது. பட்டாளத்துக்காரர் பெயர் மேலிடம் வரை போனது.

பர்மா பயணம்

அதே ஆண்டில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு பர்மா மன்னரிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். கூடவே போட்டோகிராபராக டிரைப் போனார். மழையும் காய்ச்சலும் படுத்தி எடுத்தன. அப்படியும் 200-க்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் எடுத்துவிட்டார். அதில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து 50 செட் போட்டார்கள். மொத்தம் 6,000 பிரிண்ட். ஒவ்வொன்றும் வெயிலில் வைத்து, கையால் எடுத்தது.

அவர் படம் பிடித்த அமரபுரம் அப்போது பர்மாவின் தலைநகரம். சில ஆண்டுகளில் மன்னர் தலைநகரை மாண்டலேக்கு மாற்றிவிட்டார். அரண்மனை மரங்களைக்கூடப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நகரம் இருந்த கோலம் டிரைப்பின் படங்களில்தான் மிச்சம்.

மாட்டு வண்டியில் ஸ்டூடியோ

1856-ல் சென்னை மாகாண அரசாங்கம் டிரைப்பைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. பெங்களூரில் முகாம். பழைய கட்டிடங்கள் அழிவதற்குள் படமாக எடுத்து வைக்க வேண்டும். இதுதான் வேலை.

1857 டிசம்பரில் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று 1858 கோடை வரை சுற்றினார்.

அந்தக் காலத்துக் கேமரா சட்டைப்பையில் வைக்கிற சாமான் இல்லை. படத்தைப் பெரிதுபடுத்தும் வசதி கிடையாது. படம் எவ்வளவு பெரிதோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிது. ஒரு அடிக்கு மேல் அகலம். அதற்குத் தகுந்த கேமரா, கண்ணாடித் தகடு, மெழுகு பூசிய காகிதம், மருந்து புட்டி, கூடாரம். எல்லாம் மாட்டு வண்டியில் ஏறியது.

ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்கூட கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போகிற ஆள் படத்தில் விழமாட்டார். அதனால்தான் அவர் படங்களில் வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. வானம் திட்டுத் திட்டாக விழும். டிரைப் நெகட்டிவிலேயே சாயம் பூசி மேகம் வரைந்துவிடுவார்!

மதுரையில் கண்டது

மதுரைப் படங்கள் மட்டும் நான்கு பாகமாக வெளிவந்தன. மீனாட்சி அம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் உண்டு.

1636-ல் கட்டிய மகால் அப்போது இடிபாடாகக் கிடந்தது. பிறகு கவர்னராக வந்த நேப்பியர் பிரபு காலத்தில் (1866-72) பழுது பார்த்தார்கள். நாம் இன்று பார்க்கும் மகாலுக்கும் அன்றைய மகாலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் காண டிரைப்பின் படங்கள் இருக்கின்றன.

கோயிலையும் அரண்மனையையும் யாரும் எடுப்பார்கள். டிரைப் தெருவோரத்து விளக்குத்தூணையும் விடவில்லை. கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது அது. 1834 முதல் 1847 வரை இருந்த அந்தக் கலெக்டர்தான் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தவர்.

தஞ்சையில் அவர் செய்தது இன்னும் பெரிய காரியம். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒட்டினார். ஒரே படம், நீளம் சுமார் 19 அடி! கோயிலைக் கட்டியது கரிகாலன் என்று கதை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கட்டியவர் ராஜராஜன் என்று கல்வெட்டைப் படித்து அறிஞர்கள் உறுதி செய்ய மேலும் 30 ஆண்டுகள் போல ஆனது.

வேலை போனது

1859-ல் சர் சார்லஸ் டிரெவிலியன் சென்னைக் கவர்னராக வந்தார். 1857 கலகத்தால் கஜானா காலி. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்த்தார். போட்டோ பிரிவு கண்ணில் பட்டது. இதெல்லாம் அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-ல் கடையைக் கட்டினார்கள்.

அதே 1860-ல் இன்னொன்றும் நடந்தது. மேலிடத்தின் புது வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் டிரெவிலியனையே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வேலையை நிறுத்தியவருக்கும் வேலை போனது. ஆனால் டிரைப்புக்கு யாரும் கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவர் பட்டாளத்து வேலைக்கே திரும்பினார். பிறகு படம் எடுத்தது மிக அபூர்வம். மேஜர் ஜெனரல் என்ற கவுரவப் பதவியோடு ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். 1902-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி, 79-வது வயதில் இறந்தார்.

முழு மூச்சாக அவர் படம் எடுத்தது ஐந்தாறு வருஷம்தான். அந்தப் படங்களுக்கு 2014-ல் வாஷிங்டனிலும், 2015-ல் லண்டனிலும் தனிக் கண்காட்சி வைத்தார்கள். ஆடம்பரம் என்று தள்ளிய படங்களைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டினார்கள்.

விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. கொஞ்சதூரத்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் நிற்கிறது. அதுவும் நாயக்கர் அரண்மனையின் மிச்சம்தான். இப்போது எல்லோர் கையிலும் போனோடு கேமரா இருக்கிறது. மாட்டு வண்டி வேண்டாம், கவர்னர் உத்தரவும் வேண்டாம்.

எப்படியும் அந்த இடத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும். ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள்.