தூரத்திலிருந்து மணியடித்த மேதை: ஜகதீஷ் சந்திர போஸ்



எங்கள் புதுப்பட்டினத்துப் பக்கம் கிணற்று மேட்டு மோட்டார் கொட்டகைகளில் இப்போது ஒரு சின்னப் பெட்டியைப் பார்க்கலாம். ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாட்டிய செல்போன் பெட்டி அது. முன்பெல்லாம் ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்தால் டார்ச் லைட்டும் கையுமாக வரப்பில் நடக்க வேண்டும். பாம்பு பயம் வேறு. இப்போது படுத்த பாயிலிருந்து ஒரு கால் போட்டால் போதும், மோட்டார் ஓடும்.

போன வருஷம் எங்கள் பெரியப்பா பம்பின் கிளாண்டை முடுக்கிக்கொண்டிருந்தார். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கவில்லை. வெளியூரில் இருந்த அண்ணன், வயலுக்குத் தண்ணீர் பாயட்டுமே என்ற நல்ல எண்ணத்தில் போனைப் போட்டுவிட்டார். மோட்டார் கிளம்பிவிட்டது. ஸ்பேனர் தெறித்து விழுந்தது. கை தப்பியது தெய்வாதீனம்! அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. கம்பியே இல்லாமல் தூரத்திலிருந்து ஒரு கருவியை இயக்கலாம் என்று முதலில் காட்டியவர்களில் நம் நாட்டுக்காரர் யாராவது உண்டா? தேடிப் படித்தபோது கிடைத்தவர்தான் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ். அவர் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

மீனவர் மகனோடு ஒரே பெஞ்சு

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளை என்றால் இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான். ஆனால் இவர் அப்பாவோ மகனை ஃபரீத்பூரில் வங்காளப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதலில் தாய்மொழியும் சொந்த மக்களும் தெரியட்டும் என்பது அவர் கொள்கை. அங்கே போஸுக்கு ஒரு பக்கம் அப்பாவின் முஸ்லிம் சேவகருடைய மகன், இன்னொரு பக்கம் ஒரு மீனவர் மகன். ஆற்று மீனைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அந்தப் பிள்ளைகள் சொன்ன கதைகள்தான் தனக்கு இயற்கையின் மேல் ஆசையை உண்டாக்கின என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கடலோரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்யும். படிப்பு வாசனையே இல்லாத வீட்டிலிருந்து வந்த ஒரு மீனவப் பையனும் இந்த மேதைக்கு ஒருவகையில் வாத்தியார்தானே!

அப்பாவுக்கு பர்த்வானுக்கு மாற்றல் ஆனது. அங்கே கொள்ளை நோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பிழைப்பதற்காக அவர் ஒரு தொழிற்பட்டறை தொடங்கினார். தச்சு வேலை, உலோக வேலை எல்லாம் அதில் நடந்தன. சிறுவன் போஸ் கருவிகளைக் கையில் பிடிக்கக் கற்றது அங்கேதான். நம் வொர்க்ஷாப் வகுப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் பள்ளி. எல்லாம் இங்கிலீஷ். வங்காளத்தில் படித்துவிட்டு வந்த பையன் திணறித்தான் போனான். தமிழ் மீடியத்தில் படித்து வந்து முதல் செமஸ்டரில் முழித்த நம்மில் பலருக்கு அந்தக் கஷ்டம் புரியும். அந்தக் கல்லூரியில் பாதிரியார் லஃபோன் என்ற பேராசிரியர் சோதனைகளைச் செய்துகாட்டியே பௌதிகம் நடத்துவார். போஸின் மனம் அதில் ஒட்டிக்கொண்டது.

சம்பளம் வாங்காத வாத்தியார்

1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடாமல் வாட்டியது. பிண அறையின் வாடை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலில் சேர்ந்தார். 1884-ல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் புகழ்பெற்ற விஞ்ஞானி லார்டு ராலே.

1885-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேதான் வந்தது சோதனை. வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. இவர் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு! போஸ் கூச்சல் போடவில்லை. வேலையையும் விடவில்லை. சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று வருடம்! தொழில் முயற்சிகளில் நஷ்டப்பட்டு அப்பா கடனில் தவித்த நேரம் அது. நடுவில் 1887-ல் கல்யாணமும் ஆனது. மனைவி அபலா தாஸ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியாமல் போனது. அந்த அம்மையாரும் கணவரோடு சேர்ந்து வறுமையைத் தாங்கினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டு மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

குளியலறை ஓரத்தில் ஒரு ஆய்வுக்கூடம்

ஜெர்மனி நாட்டு ஹெர்ட்ஸ், மின்காந்த அலைகள் உண்மையில் இருக்கின்றன என்று 1888 வாக்கில் நிரூபித்திருந்தார். போஸ் 1894-ல் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். கல்லூரியில் அவருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. குளியலறையை ஒட்டி 24 சதுர அடி இடம், அவ்வளவுதான். கூடவே ஒரு தகரக் கொல்லர். அவருக்கு விஞ்ஞானம் தெரியாது, ஆனால் கை தெரியும். போஸ் சொல்லச் சொல்ல அவர் தட்டித் தட்டி உருவாக்கினார். செலவெல்லாம் போஸின் கைக்காசு.

அந்த மூலையிலிருந்து வந்தது என்ன தெரியுமா? 5 மில்லிமீட்டர் வரைக்கும் குறுகிய அலைகள்! அதிர்வெண் கணக்கில் சொன்னால் சுமார் 60 கிகாஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை, அவற்றை வைத்துச் சோதனை செய்யப் பெரிய பெரிய கருவிகள் வேண்டும். போஸின் கருவிகளோ ஒரு மேஜைமேல் அடங்கின. அலைகளைத் திரட்டக் கொம்பு வடிவக் குழல், அவற்றை வடிகட்டத் தகடுகள், படிகங்கள் என எல்லாம் அங்கேயே செய்தவை.

மணி அடித்தது!

1895. கல்கத்தா டவுன் ஹால். வங்காள லெப்டினன்ட் கவர்னரே சபையில் இருந்தார். போஸ் இந்தப் பக்கம் ஒரு மின்பொறியை உண்டாக்கினார். சுவர்களைத் தாண்டி 75 அடி தூரத்தில் ஒரு மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. நடுவில் ஒரு கம்பி கிடையாது!

இது எப்படி நடந்தது? நம் துறைக்கு இதுதான் முக்கியமான இடம். அந்த அலை போய் மணியை நேராக அடிக்கவில்லை. அதற்கு அவ்வளவு பலம் ஏது? வாங்கும் பக்கத்தில் கொஹீரர் என்ற ஒரு சாதனம் இருந்தது. சாதாரண கொஹீரர் என்றால் கண்ணாடிக் குழாயில் இரும்புத்தூள். சும்மா இருக்கும்போது அதன் மின்தடை அதிகம், கரண்ட் போகாது. அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், தடை குறையும், கரண்ட் ஓடும். போஸ் தூளுக்குப் பதிலாகச் சின்னச் சின்னச் சுருள்வில்களை வரிசையாக அடுக்கி, அழுத்தத்தைத் திருகால் கூட்டிக் குறைக்கும்படி செய்தார். அந்தச் சிறிய கரண்ட் ஒரு ரிலேயை இழுக்கும். ரிலே மூடினால், பக்கத்தில் தயாராக இருக்கும் பேட்டரி மணியை அடிக்கும்.

ஆக, தூரத்திலிருந்து வருவது உத்தரவு மட்டுமே; வேலை செய்யும் சக்தி அங்கேயே காத்திருக்கிறது. எங்கள் பெரியப்பா கிணற்றிலும் இதே கதைதான். செல்போன் அலையா மோட்டாரை ஓட்டுகிறது? அது ஒரு ரிலேயைத் தட்டுகிறது, ரிலே கான்டாக்டரை இழுக்கிறது, மும்முனைக் கரண்ட் மோட்டாருக்குப் போகிறது. தொழிற்சாலையில் பி.எல்.சி. வழியாக வால்வைத் திறப்பதும், பெரிய கட்டடத்தில் ஏ.சி.யை இணையம் வழியாக நிறுத்துவதும் இதே தத்துவம்தான். 1898-ல் நியூயார்க்கில் டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். கல்கத்தா மணி அதற்கும் மூன்று வருடம் முந்தியது.

பணம் வேண்டாம் என்றவர்

1897 ஜனவரி 29-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் தன் கருவிகளை வைத்துச் சொற்பொழிவாற்றினார். அதே சமயத்தில் இத்தாலி இளைஞர் மார்க்கோனியும் இங்கிலாந்தில் கம்பியில்லாத் தந்தியை வளர்த்துக்கொண்டிருந்தார். மார்க்கோனி காப்புரிமை வாங்கினார், கம்பெனி நடத்தினார். போஸோ தன் கருவியின் அமைப்பை ஒளிக்காமல் எல்லோருக்கும் காட்டினார். தந்திக் கம்பெனிக்காரர் ஒருவர் லாபத்தில் பங்கு தருவதாகக் கூப்பிட்டும் மறுத்துவிட்டார்.

1899-ல் போஸ் ராயல் சொசைட்டிக்குப் புதுவிதமான ஒரு கொஹீரரைப் பற்றி எழுதினார். இரும்பும் பாதரசமும் கொண்டது. பழைய கொஹீரரை ஒவ்வொரு தடவையும் தட்டித்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இது தானே மீண்டுகொள்ளும். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்கப் பயன்படுத்திய பாதரசக் கருவி, போஸ் வெளியிட்ட அந்த அமைப்பின் வழிவந்ததே என்று 1998-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எடுத்துக்காட்டியது. மார்க்கோனிக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. போஸுக்குக் கிடைக்கவில்லை.

நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒரே ஒரு அமெரிக்கக் காப்புரிமைக்கு 1901-ல் விண்ணப்பித்தார். 1904-ல் கிடைத்த அதன் எண் 755840. கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை வைத்து அலைகளைக் கண்டறியும் கருவி அது. டிரான்சிஸ்டர் பிறந்தது 1947-ல் என்றால், செமிகண்டக்டரை இவர் எவ்வளவு முன்பே கையாண்டிருக்கிறார் பாருங்கள்! அந்தக் காப்புரிமையிலும் அவர் காசு பார்க்கவில்லை.

பிறகு அவர் மனம் செடிகொடிகள் பக்கம் திரும்பியது. தொட்டாற்சிணுங்கியையும் தொழுகண்ணியையும் வைத்துச் சோதனைகள் செய்தார். செடியின் வளர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் அறிவியல் உலகம் ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின்சைகைகள் ஓடுகின்றன என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. 1917-ல் தன் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். நம் கணிதமேதை ராமானுஜத்துக்கு 1918-ல் கிடைத்த ராயல் சொசைட்டி உறுப்பினர் பெருமை, போஸுக்கு 1920-ல் கிடைத்தது. சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாஹா ஆகியோர் அவர் மாணவர்கள். 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமானார். இன்னும் ஏழு நாள் இருந்திருந்தால் 79-வது பிறந்த நாள்.

பூட்டு இல்லாத மணி

2012-ல் பன்னாட்டு மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஒரு மைல்கல்லாக அறிவித்தது. 2022-ல் நம் நாட்டில் 5ஜி-க்காக ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் அவர் அன்று கையாண்ட எல்லைக்குள்தான் வருகிறது. குளியலறை ஓரத்துச் சோதனை இன்று நம் சட்டைப் பையில்!

ஆனால் நண்பர்களே, ஒன்றை யோசிக்க வேண்டும். டவுன் ஹால் மணிக்குப் பூட்டு கிடையாது. யார் பொறி உண்டாக்கினாலும் அது அடிக்கும். சோதனைக்கு அது போதும், ஆலைக்குப் போதுமா? 1979-ல் வெளிவந்த மாட்பஸ் முறையை இன்றும் ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள். அந்த முறைக்குள் பாஸ்வேர்டே கிடையாது. உத்தரவு வந்தால் யார் அனுப்பியது என்று கேட்காது, செய்துவிடும். ஆலைக்குள் நாலு சுவருக்குள் இருந்தவரை பரவாயில்லை. அதையே இணையத்தில் கோத்துவிட்டால்? 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகக் கணினி ஒன்றில் தீய நிரல் புகுந்ததை நிர்வாகமே ஒப்புக்கொண்டது. ஆலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்றும் சொன்னது. அந்தப் பிரிப்பின் அருமையைக் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

நாளைக்கு இந்த வேலையைச் செய்யப்போவது நாம்தான். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடக்கூடாது. கன்ட்ரோலரை நேராக இணையத்தில் திறந்து வைக்கக்கூடாது. பேனலில் லோக்கல்–ரிமோட் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஆள் வேலை செய்யும்போது அது லோக்கலில் இருக்க வேண்டும், ஃபியூஸ் கேரியர் அவன் பையில் இருக்க வேண்டும். தூரத்தில் பட்டனை அமுக்குகிறவனுக்கு மோட்டார் பக்கத்தில் யார் குனிந்திருக்கிறார் என்று தெரியாது. அண்ணனுக்குத் தெரியவில்லையே! பெரியப்பா கிணற்றில் இப்போது அந்த சுவிட்சை நானே மாட்டிவிட்டேன்.

அறிவைப் பூட்டி வைக்காதவர் போஸ். அவர் வழியில் நாமும் தெரிந்ததை எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்போம். சுவிட்சை மட்டும் பூட்டி வைப்போம்!

வாழ்க ஆச்சார்ய போஸின் புகழ்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை