பூண்டு வைத்த கிண்ணம்

செயல் முடிந்துவிடுகிறது, மனத்தில் அது பதித்த சுவடு முடிவதில்லை. அச்சுவடே சம்ஸ்காரம். பழைய சம்ஸ்காரங்களின் பிடியிலிருந்து மனிதன் மீள முடியுமா? வங்க நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை தருகிறது.

கிரீஷ் 1844-இல் கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் பிறந்தார். பதினோரு வயதில் தாயையும் பதினான்கு வயதில் தந்தையையும் இழந்தார். கண்டிப்பாரற்ற இளமையில் குடிப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. பகலில் அலுவலகக் கணக்கு, இரவில் நாடகமேடை என்று நாட்கள் கழிந்தன. முப்பதாம் வயதில் மனைவியும் மறைந்தார்.

1884 செப்டம்பர் 21 அன்று, கிரீஷ் எழுதிய சைதன்ய லீலை நாடகத்தைக் காண பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் ஸ்டார் தியேட்டருக்கு எழுந்தருளினார். அதன்பின் கிரீஷ் குருதேவரை மீண்டும் மீண்டும் நாடினார். மது மயக்கத்தில் தட்சிணேசுவரம் சென்ற இரவிலும் குருதேவர் அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. குடியை விடும்படி கட்டளையிடவும் இல்லை.

பூண்டு வைத்த கிண்ணத்தை எத்தனை முறை கழுவினாலும் வாடை முற்றிலும் போகாது என்று ஒருமுறை குருதேவர் கூறினார். கிரீஷின் உள்ளத்தை அது தைத்தது. தம்மிடமுள்ள வாடை என்றேனும் நீங்குமா என்று பின்னர் ஏக்கத்துடன் கேட்டார். நெருப்பிலிட்டுச் சுட்டால் வாடை அகன்று கிண்ணம் புதியதாகிவிடும் என்று குருதேவர் அபயமளித்தார்.

அந்த நெருப்பு எது? காலையும் மாலையும் இறைவனை நினைக்கும்படி குருதேவர் கூறினார். அதற்குக்கூட உறுதியளிக்க கிரீஷால் இயலவில்லை. உண்ணும் முன்னும் உறங்கும் முன்னும் நினைத்தால் போதும் என்றபோதும் தயங்கினார். இறுதியில், தமக்கு வக்காலத்து தந்துவிடும்படி குருதேவர் பணித்தார். பாரம் நீங்கியதாக கிரீஷ் மகிழ்ந்தார். ஆனால், ஒரு காரியத்தைத் தாம் செய்யப்போவதாக அவர் ஒருநாள் சொன்னபோது, இறைவன் திருவுளமானால் செய்வேன் என்றே சொல்ல வேண்டும் என்று குருதேவர் திருத்தினார். அப்போதுதான் சரணாகதியின் ஆழம் விளங்கியது. ஒவ்வோர் அடியையும் தம் விருப்பத்தால் வைக்கிறோமா, அவர் விருப்பத்தால் வைக்கிறோமா என்று பார்க்க வேண்டியதாயிற்று. இருவேளை நினைவிற்குத் தயங்கியவர் இடையறாத நினைவில் கட்டுண்டார்.

ஒரு சம்ஸ்காரத்தை மற்றொரு சம்ஸ்காரமே தடுக்கிறது என்பது யோக சாஸ்திரத்தின் முடிவு. கிரீஷின் வாழ்வில் நிகழ்ந்ததும் அதுவே. நாடகத்தைத் துறக்க விரும்பியபோது, அது மக்களுக்கு நன்மை தருவது என்று குருதேவர் தடுத்தார். பழைய ஆற்றல் அழியவில்லை, திசை மாறியது. குருதேவரின் மகாசமாதிக்குப் பின் அருமை மகனை இழந்தபோதும் கிரீஷின் நம்பிக்கை குலையவில்லை. 1891-இல் ஜெயராம்பாடி சென்று அன்னை ஸ்ரீசாரதாதேவியின் நிழலில் ஆறுதல் பெற்றார். 1912 பிப்ரவரி 8 அன்று உடலை நீத்தார்.

கடந்த காலத்தை எண்ணிக் கலங்குவது கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருப்பது போன்றது. சாதகன் செய்ய வேண்டியது, அதை நெருப்பிடம் ஒப்படைப்பதே.