பெயரே பட்டமான பெருவலியர் சாண்டோ

திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன் ‘சாண்டோ’ என்னும் சொல் நிற்பதை நாம் அறிவோம். பட்டமாய் விளங்கும் அச்சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்முள் பலர் அறியோம்.

யூஜின் சாண்டோ, பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் 1867ஆம் ஆண்டு பிறந்தவர். 1889இல் இலண்டன் அரங்கில் சாம்சன் என்னும் பலசாலியை வென்று புகழுற்றார். 1893இல் சிகாகோ மக்களை வியப்பில் ஆழ்த்தினார். பளு தூக்குதலினும் செம்மையாய் அமைந்த உடலையே மக்கள் விரும்பிக் காண்கின்றனர் என்பதை உணர்ந்தார். 1897இல் இலண்டனில் உடற்பயிற்சி நிலையம் கண்டார். மறு ஆண்டே இதழும் தொடங்கினார்.

1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியே பிற்கால ஆணழகன் போட்டிகளுக்கு முன்னோடி. சிற்பி சார்லஸ் லாஸ், எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் ஆகியோர் அவருடன் நடுவராய் அமர்ந்தனர். தசையின் பருமை மட்டும் அங்கு அளவுகோலாகவில்லை; உறுப்புகளின் ஒத்த வளர்ச்சி, தோலின் நிலை, உடல்நலம் ஆகியனவும் மதிப்பிடப்பெற்றன. நாட்டிங்ஹாமின் மர்ரே முதற்பரிசு பெற்றார். பின்னர்ச் சாண்டோ இந்தியாவிற்கும் வந்து தம் கலையைக் காட்டினார்.

1925இல் அவர் மறைந்தார். துணைவியார் விருப்பப்படி கல்லறையில் பெயர் பொறிக்கப்பெறவில்லை. பல்லாண்டுகள் அது வெற்றிடமாகவே கிடந்தது. ஆயினும் 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளர் பெறுவது அவருடைய சிலையையே.

உடல் அழியும், ஒழுங்குடன் அதனைப் பேணக் கற்பித்தவரின் பெயர் அழியாது. இளமையிலேயே இதனை நாம் உணர்வோமாக!